மேற்குப் பக்கத்துக் கடற்காகங்கள்

மெல்பேணுக்கு மேற்கே, பக்கஸ் மார்ஷில் கடல் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து காரில் முக்கால் மணித்தியாலம் ஓட வேண்டும். அப்படியிருந்தும் அந்த ஏப்ரலில் யேசுராசாவின் கீரை வயலுக்குக் கடற்காகங்கள் வந்து சேர்ந்தன. முதல் நாள் ஆறு வந்தன. அடுத்த நாள் நாற்பது இருக்கும். மூன்றாம் நாளோடு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

யேசுராசாவுக்கு முதலில் சந்தோஷம்தான்.

"பாத்தீங்களோ சிறியண்ணை, நான் எங்க போனாலும் இதுகள் தேடி வருகுதுகள்," என்றார். "பேசாலைக் கடலில இதுகள் கூட்டமா இறங்கினா நாங்கள் வள்ளத்தை அங்கதான் திருப்புறது. கீழ மீன் நிக்குதெண்டு அர்த்தம்."

"இஞ்ச கீழ கீரையெல்லோ நிக்குது," என்றேன்.

"அது அதுகளுக்குத் தெரியேல்லைப் போல."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் சிறிதரன். மெல்பேணில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி இளைப்பாறியவன். வீடு ஸ்பிரிங்வேலில். வீட்டில் சும்மா இருந்தால் என் மனைவி யோகா யன்னல் துடைக்க வைத்துவிடுவாள் என்ற பயத்தில், கிழமைக்கு மூன்று நாள் வான் வண்டியை எடுத்துக்கொண்டு ஒன்றேகால் மணித்தியாலம் ஓடி யேசுராசாவின் வயலுக்குப் போய்விடுவேன். அவரை எனக்கு பஸ்ஸில்தான் பழக்கம். கோழித் தொழிற்சாலைக்குப் போக, விடியற்காலையில் என் முதல் பஸ்ஸில் ஏறும் முதல் ஆள் அவர். மன்னார்ப் பக்கத்து மீன்பிடிக்காரர், கத்தோலிக்கர். நான் வடமராட்சிப் புகையிலைத் தோட்டக்காரனின் மகன். கடலில் வளர்ந்தவர் வயல் செய்ய, தோட்டத்தில் வளர்ந்த நான் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கினேன். இதைச் சொல்லி அவர் என்னைப் பகிடி பண்ணாத நாள் இல்லை.

பதினொரு வருஷம் அந்தத் தொழிற்சாலையின் குளிர் அறையில் கோழிப் பெட்டி தூக்கி அவருடைய வலது தோள் போய்விட்டது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியாது. போன வருஷம்தான் அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு இத்தாலியக் கிழவர், பிள்ளைகள் யாரும் விவசாயத்துக்கு வரமாட்டோம் என்றதால், தன் நிலத்தில் ஒரு துண்டை வீட்டோடு சேர்த்து இவருக்குக் குத்தகைக்கு விட்டார். ஒரு நிபந்தனை. சலாட் பக்கெற் போடும் கம்பனியோடு ஒப்பந்தம் நிலைத்தால் நிலம் இவருக்கு. இல்லையென்றால் ஜூனோடு வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிடுவார்.

ஒப்பந்தத்தின் முதல் பயிர் இந்தக் கீரை. உள்ளங்கையில் பாதி அளவு இலை, முப்பது பாத்தி. வெட்டுவதற்கு முதல் நாள் கம்பனியிலிருந்து ஆள் வந்து வயலை நடந்து பார்க்கும். சரியென்றால் மறுநாள் வெட்டும் மெசின் வரும். பறவை எச்சமோ வேறு அசுத்தமோ கண்டால் முழு வயலையும் உழுது மூடவேண்டியதுதான். முதல் பயிரே பிழைத்தால் இரண்டாவது வாய்ப்பு இல்லை. நிலம் போனால் யேசுராசாவுக்கு மறுபடி குளிர் அறை. அது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

கடற்காகம் கீரையைத் தின்பதில்லை. மண்ணைக் கொத்தும், நாற்றைப் பிடுங்கி எறியும், சண்டை பிடிக்கும், நின்ற இடத்திலேயே பீச்சும். பச்சை இலையில் அந்த வெள்ளை எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். நாங்கள் மினுங்கும் நாடா கட்டினோம். கழுகு மாதிரிப் பட்டம் ஒன்று வாங்கிக் கம்பத்தில் பறக்கவிட்டோம். இரண்டாம் நாள் அந்தக் கம்பத்தின் நுனியிலேயே ஒன்று ஏறிக் குந்தியிருந்தது. பிறகு காஸில் வெடிக்கிற குழாய் ஒன்றை இரவல் வாங்கி வைத்தோம். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் படார் என்று வெடிக்கும். கடற்காகங்கள் எழும்பி ஒரு வட்டம் அடித்துவிட்டு அதே இடத்தில் இறங்கின. பக்கத்துப் பண்ணைக் குதிரைகள்தான் வேலியை உடைத்துக்கொண்டு ஓடின.

குதிரைக்காரப் பெண் வந்து வேலிக்கு அப்பால் நின்று பேசினாள். நல்ல மாதிரித்தான் பேசினாள். வெடியை நிறுத்தச் சொன்னாள். போகும்போது, இந்தப் பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒன்றையும் கொல்லக்கூடாது, தெரியும்தானே என்றும் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

யேசுராசா தலையாட்டினார். "ஆர் கொல்லப் போறது. இந்த நாட்டில கடல்காகத்துக்கும் ஒரு சட்டம் இருக்கு. எனக்கு ஜூன் வரைக்கும்தான் இடம்."

வெடி நின்றது. அதன் பிறகு நாங்களேதான் வெடி. விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு தகரத்தைத் தட்டிக்கொண்டு பாத்திகளுக்கு நடுவில் நடந்தோம். சேற்றில் சப்பாத்து ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பாரம். தெற்குக் காற்று முகத்தை அறுத்தது. இந்தப் பக்கம் கலைத்தால் அந்தப் பக்கம் இறங்கும். ஆனால் திரும்பத் திரும்ப அவை வந்து விழுந்தது மேற்குப் பக்கத்துப் பாத்திகளில்தான். ஏன் அந்தப் பக்கம் மட்டும் என்று நான் இரண்டு மூன்று தரம் கேட்டேன். யேசுராசா காற்றைக் காரணம் சொன்னார். வடமராட்சி மூளை அதை அப்படியே நம்பியது.

கம்பனி ஆள் மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை, இரவு முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகு, மேற்குப் பக்கம் நாலாவது பாத்தியில் ஒரு கடற்காகம் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். தகரத்தைத் தட்டினேன். போகவில்லை. கிட்டப் போன பிறகுதான் விட்டுவிட்டுப் பறந்தது. மண்ணிலிருந்து பாதி வெளியே வந்து கிடந்தது ஒரு மீன் தலை.

யேசுராசாவைக் கூப்பிட்டேன்.

"ராசா, இது என்ன?"

அவர் அதைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"தலை."

"தலையெண்டு எனக்கும் தெரியுது. இது எப்பிடி இஞ்ச வந்தது?"

"நீங்கள்தானே அண்ணை கொண்டு வந்தனீங்கள்."

உண்மைதான். பெப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் சனிக்கிழமை தவறாமல் ஸ்பிரிங்வேல் மீன்கடையில் ஒரு பெரிய பீப்பாய் நிறையத் தலையும் குடலும் செதிலும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான்தான். கடைக்கார வியட்நாம்காரர் சும்மாவே தந்தார். வண்டியில் ஏறிய நாற்றம் இறங்கவில்லை. யோகா இன்றுவரை அதில் ஏறமாட்டாள்.

"அது வீட்டுக்குப் பின்னால நிக்கிற தேசிக்கும் வாழைக்கும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அதுக்கும் போட்டனான். ஒவ்வொரு கிழமையும் ஒரு பீப்பாயை அந்த நாலு மரத்துக்கு என்னெண்டு போடுறது? மேற்குப் பக்கத்து மண் செத்துப் போய்க் கிடந்தது. கிழவன் எத்தனை வருஷம் அடிச்சு எடுத்த மண். விதைக்க முதல் ஒரு சாண் ஆழத்துக்குக் கான் வெட்டித் தாட்டனான், மேல வராதெண்டு நினைச்சன். எங்கட பக்கம் தென்னைக்கு வேற என்னத்தைப் போடுறது? மீன்கழிவு போட்டா மளமளவெண்டு வரும்."

"எத்தனை பாத்தி?"

"பன்னிரண்டு."

நான் சேற்றிலேயே குந்திவிட்டேன். கம்பனிப் பத்திரத்தை இங்கிலிஷில் நிரப்பிக் கொடுத்தவன் நான். மக்காத எரு ஏதும் போட்டதா என்று அதில் ஒரு கேள்வி. மாட்டெரு, கோழியெரு ஏதும் போட்டீர்களா என்று அவரிடம் கேட்டுவிட்டு, இல்லை என்று புள்ளடி போட்டேன். மீன் என் நினைப்பிலேயே இல்லை. பத்திரத்தில் மறைக்கும் எண்ணம் அவருக்கும் இருக்கவில்லை. மீன்கழிவை யாராவது அசுத்தம் என்று சொல்லலாம் என்பதே அந்த மனிசனுக்குத் தெரியாது. அசுத்தம் என்று அவர் நினைத்ததெல்லாம் கோழித் தொழிற்சாலையில் பார்த்ததைத்தான்.

இலைக் கீரைக்கு அடியில் பச்சை மீன்கழிவு கிடப்பது தெரிந்தால், எச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயல் முடிந்தது என்று விளங்கப்படுத்தினேன். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"பத்திரத்தில திருத்தேலாதோ?"

"திருத்தினா அவங்கள் வரவே மாட்டாங்கள்."

"அப்ப பொறுக்குவம்," என்றார்.

அந்த ஐந்து நாளும் நாங்கள் செய்த வேலை, நான் என் வாழ்க்கையில் செய்த எந்த வேலையையும் போல இல்லை. இருட்டில் நரி வந்து கிண்டிவிட்டுப் போகும். விடிய நாங்கள் வாளியும் கரண்டியுமாக இறங்குவோம். முள், செதில், தாடை எலும்பு, கறுத்துப் போன குடல். இலைகளை விலக்கி, வேர் அசையாமல், விரலால் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு பாத்தி முடிய முதுகு நிமிராது. யேசுராசா இடக்கையால் மட்டும் பொறுக்கினார். நாங்கள் பொறுக்கப் பொறுக்கக் கடற்காகங்கள் பத்தடி தள்ளி வரிசையாக நின்று பார்த்தன. எது எங்கே கிடக்கிறது என்று எங்களைவிட அவற்றுக்குத்தான் தெரியும். அவை கொத்துகிற இடத்தைப் பார்த்துப் போய்த் தோண்டினோம். எச்சம் விழுந்த இலைகளைத் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவினோம். கழுவி முடிய மறுபடி பீச்சின.

யேசுராசாவின் மனைவி பேர்ளுக்கு முதலில் சொல்லவில்லை. அவள் பக்கத்து ஊர் மெல்ற்றனில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. பின்னேரம் மூன்று மணிக்கு வருவாள். திங்கட்கிழமை வந்தவள் காரால் இறங்கியதும் மூக்கைச் சுளித்துக்கொண்டு நேரே வாளியிடம் போனாள். மீன்காரப் பெண்ணிடம் மீனை ஒளிக்க முடியுமா. குசினிக்குள் கதிரையில் இருந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். யேசுராசா எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார். பெண்சாதியிடம் பொய் சொல்லத் தெரியாத ஆள் அவர்.

அவள் சோறு போட்டாள். சூடை மீன் பொரியல், சொதி, எங்கள் வயல் கீரையையே தேங்காய்ப்பாலும் உள்ளியும் போட்டுக் கடைந்த கறி. நான் பசியில் இரண்டாம் தரமும் கீரை கேட்டேன்.

"எங்களுக்குக் கன நாளா ஒண்டும் ஆகேல்லைத்தானே," என்றார் யேசுராசா. "நாங்களே தின்னுறம். கழுவினா முக்கால்வாசி போயிடும். மிச்சம் அவிக்கேக்க போயிடும்."

"ஆர் அவிக்கிறது?" என்றாள் பேர்ள்.

"வாங்கிற ஆக்கள்."

அகப்பையோடு நின்றவள் அதைச் சட்டிக்குள் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ. இந்தக் கீரையை இவையள் அவிக்கிறேல்லை."

"பின்ன?"

"பச்சையாச் சாப்பிடுறவை."

"கீரையையோ?"

"ஓம், கீரையைத்தான். பக்கெற்றை வெட்டிக் கோப்பையில கொட்டி, மேல கொஞ்சம் எண்ணெயும் வினாகிரியும் விட்டா முடிஞ்சுது. கிழமைக்கு ஐஞ்சு நாள் நான் அதைத்தானே செய்யிறன்."

யேசுராசா என்னைப் பார்த்தார். "சலாட் எண்டா தக்காளியும் வெங்காயமுமெல்லோ அண்ணை?"

முப்பது வருஷம் இந்த நகரத்தை பஸ்ஸில் சுற்றியவன் நான். விருந்துகளில் பச்சை இலை வந்தால் அலங்காரத்துக்கு வைத்தது என்று ஓரத்தில் தள்ளிவிடுவேன். இவர் பதின்மூன்று வருஷமாக ஒரு நாளும் சோறு இல்லாமல் சாப்பிட்டதில்லை. கீரை என்றால் சட்டியில் போய்த்தான் ஆகவேண்டும், அது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அந்த நம்பிக்கையில்தான் மனிசன் பயமில்லாமல் மீனைத் தாட்டிருக்கிறார்.

"ஆடு மாதிரியோ?" என்றார் மறுபடி, மெல்ல.

"பகிடியில்லை," என்றாள் பேர்ள். "எங்கட இடத்தில ஒரு மனிசி இருக்கு, தொண்ணூற்றொரு வயசு. வாயில நாலு பல்லுத்தான். கீரையைச் சின்னனா நறுக்கித் தரச் சொல்லும். நறுக்கிக் குடுத்தா என்ர கையைப் பிடிச்சு தாங்க்யூ சொல்லிப்போட்டுத்தான் வாயில வைக்கும். அந்த மனிசிக்கு வயித்தால போனா மூண்டு நாள் தாங்காது."

"கம்பனியில மருந்துத் தண்ணியில கழுவுறவங்கள். என்னண்ணை, கழுவுறவங்கள்தானே?"

"ஓம், கழுவுவினம்," என்றேன். எனக்குத் தெரியாது. அவருக்கு அந்த நேரத்தில் ஒரு பதில் வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

"கழுவினாக் காணுமெண்டா, ஏன் ஆள் அனுப்பி எச்சம் தேடுறாங்கள்?" என்றாள் பேர்ள்.

யேசுராசா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறீர்? திரும்பப் போய்க் கோழி தூக்கட்டோ? இல்லாட்டி சிட்னியில றம்யாவிட்டப் போய் மருமகன்ர வீட்டில குந்தட்டோ?"

"நான் ஒண்டும் சொல்ல மாட்டன்," என்றாள். "அந்தக் குளிர் அறைக்குத் திரும்பப் போங்கோ எண்டு என்னாலயும் சொல்ல ஏலாது. தோள் நோவில நீங்கள் புரளேக்க பக்கத்தில படுத்திருக்கிறவள் நான். எனக்கு ரெண்டு பக்கமும் ஏலாமக் கிடக்கு. உங்கட வயல். நீங்கள் பாருங்கோ."

அவர் வெளியே போய்த் தகரத்தை எடுத்தார். அன்று பின்னேரம் முழுக்க அந்தச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நான் பேர்ளோடு கோப்பைகளைக் கழுவினேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள்மேல்தான் கோபம் கூட வருகிறது.

செவ்வாய் போனது. புதன் மத்தியானம் கம்பனியிலிருந்து தொலைபேசி வந்தது. யேசுராசா வழக்கம்போல அதை என்னிடம் நீட்டினார். பேர் ப்ரீத்தி என்றாள் அந்தப் பெண். என் பேரைக் கேட்டதும் இங்கிலிஷை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தாள். பொள்ளாச்சிப் பக்கமாம். நாளைக்குப் பதினொரு மணிக்கு வருவாளாம்.

"ராசா, தமிழ்ப் பிள்ளை," என்றேன் தொலைபேசியை வைத்துவிட்டு. "கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் பாத்து விடும்."

அவர் தகரத்தை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் போனார். நான் சொன்னதில் எனக்கே வெட்கமாக இருந்தாலும், அன்றிரவு அந்த நினைப்போடுதான் நித்திரைக்குப் போனேன்.

வியாழன் காலை நான் போய்ச் சேர்ந்தபோது வானம் தாழ்ந்து சாம்பலாகக் கிடந்தது. மேற்குப் பக்கத்தில் வழக்கம்போல ஒரே வெள்ளை. யேசுராசா வீட்டுக்குப் பின்னாலிருந்து கடைசிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார். தேசிக்கென்று மூடி வைத்திருந்தது.

"இதை என்ன செய்யப் போறீங்கள்?"

"கலைச்சுப் போகாததைக் கூப்பிட்டுக் கொண்டு போகலாம்," என்றார்.

வயலின் கிழக்கு எல்லையில் வரிசையாக மரம் நிற்கிறது. அதற்கு அப்பால் சரிவில் ஒரு குளம். பீப்பாயை அங்கே கொண்டுபோய்க் கவிழ்த்தார். பிறகு கரையில் நின்று, கை நிறைய அள்ளி, வள்ளத்தின் பின்பக்கம் நின்று எறிவது போல இடக்கையால் வீசி வீசி எறிந்தார். வாயால் ஒரு சத்தம் கொடுத்தார். அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஐந்து நிமிஷத்தில் மேற்குப் பக்கம் வெறுமையானது. ஒரு மாதமாக நாங்கள் தகரம் தட்டியும் முடியாததை மனிசன் ஒரு பீப்பாயால் முடித்துவிட்டார். பாத்திகளை ஒருமுறை கழுவி, கடைசியாக ஒருதரம் நடந்து பார்த்தோம். ஒரு இறகு கிடந்தது. அதையும் நான் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பதினொன்றேகாலுக்கு வெள்ளைக் கார் வந்தது. சின்னப் பெண். இருபத்தேழு வயதிருக்கும். முழங்கால்வரை றப்பர்ச் சப்பாத்து, கையில் தாள் செருகிய மட்டை.

"வணக்கம் அங்கிள். லேட் ஆயிடுச்சு, சாரி. ரோடு பூரா ஒரே ட்ரக்," என்றாள். "யாரு அங்கிள் இங்க விவசாயம் பண்றது, நீங்களா?"

"நானில்லை பிள்ளை, இவர்தான். யேசுராசா."

"ஊர்ல எங்க அப்பாவும் தென்னைதான் அங்கிள். இங்க தமிழ் ஆளுங்க கீரை போட்டிருக்காங்கன்னு எங்க ஆபீஸ்ல சொன்னதும், நானே போறேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

நல்ல பிள்ளை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. கிழக்குப் பக்கத்திலிருந்து தொடங்கினாள். பத்தடிக்கு ஒரு தரம் மண்டியிட்டு, இலைகளைப் பிரித்து அடியில் பார்த்தாள், மட்டையில் புள்ளடி போட்டாள். கதைத்துக்கொண்டே வந்தாலும் கண் ஒரு இலையையும் விடவில்லை. யேசுராசா அவளுக்குப் பின்னால் இரண்டடி விட்டு நடந்தார். மரங்களுக்கு அப்பால் கடற்காகங்கள் கத்துவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

"பறவைத் தொந்தரவு உண்டா அங்கிள்? இந்தப் பக்கம் கடல்காக்கா ஜாஸ்தின்னு சொல்றாங்க."

"இடைக்கிடை வரும். கலைச்சுப்போடுவம்," என்றேன் நான்.

மேற்குப் பக்கம் வந்தோம். அவள் நின்றுவிட்டாள்.

"ஐயோ, இது என்ன சூப்பரா வந்திருக்கு. கலரைப் பாருங்க. அந்தப் பக்கத்துக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம். இங்க மட்டும் என்ன அங்கிள் போட்டீங்க?"

யேசுராசா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மண் நல்ல மண் பிள்ளை. தண்ணி தேங்கி நிக்கிற பக்கம்."

பொய் எவ்வளவு இலகுவாக வந்தது. அவள் தலையாட்டிவிட்டு மண்டியிட்டாள். பன்னிரண்டு பாத்தியும் பார்த்தாள். நாலாவது பாத்தியில் அவளுடைய முழங்கால், நான் அந்தத் தலையை எடுத்த இடத்தில் இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

"முடிஞ்சுது," என்று எழும்பினாள். மட்டையை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைக் கிழித்து யேசுராசாவிடம் கொடுத்தாள். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மெஷின் வந்துடும் அங்கிள். கேட்டைத் திறந்து வெச்சிடுங்க. பர்ஸ்ட் க்ராப்புக்கு ரொம்ப நல்லா இருக்கு. அடுத்ததுக்கும் நானே எழுதிக் குடுத்திடறேன்."

யேசுராசா அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. இருந்தும் கன நேரம் பார்த்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வீட்டுப் பக்கம் பார்த்தேன். அன்று லீவு போட்டிருந்த பேர்ள், தேத்தண்ணித் தட்டோடு குசினிப் படியில் நின்றாள். நான் அவளுக்குத் தலையாட்டினேன். அவள் பதிலுக்குத் தலையாட்டவில்லை.

ப்ரீத்தி குனிந்து, காலடியில் இருந்த பாத்தியில் நாலைந்து இலைகளைக் கிள்ளினாள். சட்டைக் கையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

"எங்க போனாலும் கடைசில கொஞ்சம் சாப்பிட்டுப் பாப்பேன் அங்கிள். முதல்ல எனக்கும் பிடிக்காது. இங்க வந்து பழகிடுச்சு," என்று சொல்லிக்கொண்டே அதை வாய்க்குக் கொண்டு போனாள்.

யேசுராசா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். வலக்கையால் பிடித்தார். அந்தக் கை அவ்வளவு உயரத்துக்குப் போனதை நான் அன்றுதான் கண்டேன். நோவில் அவர் முகம் சுருங்கியது, பிடியை விடவில்லை. யாரென்று தெரியாத பெண்ணின் கையைத் தொடும் ஆள் இல்லை அவர்.

"வேண்டாம் பிள்ளை. வாயில வைக்காதையுங்கோ."

அவள் திடுக்கிட்டுச் சிரித்தாள். "ஏன் அங்கிள், மருந்து கிருந்து அடிச்சிருக்கீங்களா?"

"ராசா," என்றேன் நான். தடுக்கத்தான் சொன்னேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"மருந்தில்லை. இதுக்குக் கீழ மீன் தாட்டிருக்கு. தலை, குடல், எல்லாம் பச்சையா. நான்தான் தாட்டனான். மேல ஒரு மாசமா அதுகள் இருந்து பீச்சினது. இண்டைக்கு நான் அதுகளைக் குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனபடியாத்தான் நீங்கள் காணேல்லை. கழுவினனான். எண்டாலும் வேண்டாம்."

அவளுடைய விரல்கள் விரிந்தன. இலைகள் கீழே விழுந்தன. அவர் கையை விட்டார். அவள் ஒரு அடி பின்னால் போனாள். அதுவரை இருந்த பொள்ளாச்சிப் பிள்ளை போய், கம்பனி ஆள் வந்து நின்றாள்.

"எத்தனை பெட்?"

"இந்தப் பக்கம் பன்னிரண்டு. கடல்காகம் வயல் முழுக்க இருந்தது."

"பேப்பர்ல இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"எனக்குத் தெரியேல்லை பிள்ளை, மீன் கூடாதெண்டு. நீங்கள் அவிக்காமச் சாப்பிடுவியளெண்டும் தெரியேல்லை. போன சனிக்கிழமைதான் ஒண்டு தெரிஞ்சது. திங்கக்கிழமை மற்றது. தெரிஞ்ச பிறகும் ஒளிச்சது என்ர பிழை."

பேர்ள் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். தட்டு கையில் இல்லை. பாத்தி ஓரமாக வந்து புருஷனுக்குப் பக்கத்தில், இடித்துக்கொண்டு நின்றாள்.

ப்ரீத்தி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்ட கேள்வி நான் எதிர்பார்த்தது அல்ல.

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. இதுல இருந்து ஏற்கனவே ஏதாவது வெட்டி வெளிய போயிருக்கா? கடைக்கு, தெரிஞ்சவங்களுக்கு, யாருக்காவது?"

அந்தக் கேள்விக்கு மட்டும் யேசுராசா கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஐந்து நாளாக உள்ளே போயிருந்த குரல், வள்ளத்திலிருந்து கரைக்குக் கூப்பிடுகிறவரின் குரலாக, முழுசாக வெளியே வந்தது.

"இல்லை பிள்ளை. ஒரு இலையும் போகேல்லை. நாங்கள் மூண்டு பேரும் அவிச்சுத் திண்டதுதான்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்பை விரித்து, அவள் கேட்க முதலே நீட்டினார்.